கன்று நடும் விழா போதும். விதை எடுக்கும் வேலையைக் கொடு!



சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று நம்ம சங்கம் போடாத கூட்டம் இல்லை, கொடுக்காத மனு இல்லை. 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. ஊரெல்லாம் பொக்லைன் இறங்கியது. சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது? சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் எந்தக் கண்மாய்க்குள்ளேயும் இன்றைக்குப் போய் நின்று பாருங்கள். வெட்டின இடத்தில் ஆளுயரத்துக்கு மறுபடியும் அதே முள்தான்.

எங்க ஊர்க் கண்மாயில் நடந்ததைச் சொல்றேன். முள்ளை வெட்டினார்கள். தூர் பாதி மண்ணிலேயே கிடந்தது. மறுவருஷம் வைகாசி மாசம், ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று ஒரு லாரியில் கன்று வந்து இறங்கியது. பந்தல், மைக் செட், பச்சை ரிப்பன் எல்லாம் உண்டு. லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, தேக்கு, ஒப்புக்கு நாலு புங்கன். "ஏன் தம்பி, இதெல்லாம் எங்க ஊரு மரமா?" என்று கன்று கொண்டுவந்த ஒப்பந்தக்காரரின் ஆளிடம் கேட்டேன். "அண்ணே, நர்சரியில் இருந்ததைத்தானே ஏத்த முடியும்" என்றார்.

அந்தத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நர்சரியில் இருப்பதுதான் கண்மாய்க்கு வரும். எந்த மரம் நடலாம் என்று கமிட்டி போட்டு, பட்டியல் அச்சடித்து, படம் போட்டுக் காட்டி என்ன புண்ணியம்? நடுகிற அன்றைக்கு மரத்தை யாரும் தேர்வு செய்வதில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால், விதை உதிரும் மாசத்தில், யார் குனிந்து பொறுக்கினார்களோ அவர்கள்தான் தேர்வு செய்கிறார்கள். யாரும் பொறுக்கவில்லை என்றால் நர்சரிக்காரர் தேர்வு செய்கிறார்.

அந்த லாரிக் கன்றுகளில் ஆவணிக்குள் பாதிக்கு மேல் காய்ந்து போச்சு. காயாமல் என்ன செய்யும்? நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூன் மாசம் மழை பிடிப்பது கேரளாவுக்கு. அந்தக் காலண்டரை வைத்துக்கொண்டு நம்ம மானாவாரிப் பூமியில் கன்று நட்டால், அக்கினி நட்சத்திரம் முடிந்த கையோடு பச்சைப் பிள்ளையை வெயிலில் கிடத்தினது மாதிரிதான். செத்தது போக மிச்சத்தை ஆடு கடித்தது. காலியான இடத்தைச் சீமைக் கருவேலம் எடுத்துக்கொண்டது.

மெக்சிகோ, தென்அமெரிக்கப் பக்கத்திலிருந்து 1870களில் இந்தியாவுக்கு வந்த மரம் அது. விறகுக்காக நாமே வரவேற்று விதைத்தோம், அதை மறைப்பானேன்? வெட்டின தூரிலிருந்து துளிர்க்கும். அதன் நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடும் மாடும் தின்று சாணத்தோடு ஊரெல்லாம் விதைக்கும். மண்ணுக்குள் விதை வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். இப்படிப்பட்ட எதிரியை வெறும் வெட்டு ஜெயிக்காது. வெட்டின இடத்தில் உடனே வேறொன்று நின்றாக வேண்டும். ஆகவே சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: கையில் நாட்டுக்கன்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இடத்தை மட்டும் வெட்டு, தூரோடு பிடுங்கு, நடு. அடுத்த வருஷம் அடுத்த துண்டு. நம் பகுதியில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் அவர்கள் அடுப்பும் அணையும் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

சரி, எது நாட்டு மரம்? தேக்கு இந்த நாட்டு மரம்தானே என்று ஒரு அதிகாரி என்னிடம் வாதாடினார். மலைக்காட்டில் அது நாட்டு மரம். எங்க கரிசலுக்கும் செம்மண் பொட்டலுக்கும் அது விருந்தாளி. மகோகனி அமெரிக்கக் கண்டத்து மரம். பட்டா நிலத்தில் காசு மரமாக ஒரு விவசாயி தேக்கோ மகோகனியோ வைத்தால் அது அவர் உரிமை, நான் குறுக்கே நிற்க மாட்டேன். புறம்போக்கில், கண்மாயில், ஓடையில் இழந்ததை மீட்கிறேன் என்று அரசாங்கப் பணத்தில் நடும்போது கணக்கே வேறு.

நம்ம மரம் எது என்று தெரிய வெளியூர் நிபுணர் வேண்டாம். அரப்புக்கு இலை பறித்த உசிலை தெரியாதா? ஏர் செய்த நாட்டுக் கருவேலம் தெரியாதா? கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த இலுப்பை, வயலுக்குத் தழை உரமான புங்கன், கறையான் அண்டாமலிருக்க வீட்டு உத்திரத்துக்குத் தேடின பனை தெரியாதா? வெள்வேல், குடைவேல், வன்னி, ஆத்தி, மாவிலங்கம், விடத்தலை, காரை, சூரை, இலந்தை என்று எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டால் ஒரு மூச்சில் சொல்வார். பாலை, வீரை மாதிரி மெதுவாக வளர்கிற பழைய மரங்கள் அய்யனார் கோயில் காடுகளில் இன்னும் நிற்கின்றன. சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்டது இன்றைக்கு நமக்கு விதைப் பண்ணை!

நாட்டு மரம் என்பதற்காக எங்கேயும் நடலாம் என்பதும் தப்பு. கண்மாய் உட்பரப்பு முழுக்கச் சமூகக் காடு என்ற பெயரில் நாட்டுக் கருவேலத்தை நெருக்கி நட்டதும், வண்டல் சேர்ந்து, தூர்வார முடியாமல் ஆயக்கட்டுக்காரர்கள் திண்டாடினதும் பழைய கதை இல்லை. உள்ளே நட வேண்டுமென்றால் பறவைக்கு அங்கங்கே ஒரு திட்டு போதும். நம் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை; கண்மாய்க்குள் மரம் நின்றால்தானே அந்தப் பறவை வரும் என்பதும் நியாயம். கரை மேலே பனையும் நொச்சியும். கரைக்கு வெளியே தாழ்வான ஈரத்தில் நீர்மருது, நாவல், இலுப்பை. கரிசலில் வெள்வேல், கருவேல். செம்மண் மேட்டில் உசிலை, ஆத்தி. கடலோர உவர்மண்ணுக்கு உகா. மேய்ச்சல் புறம்போக்கை மரத்தால் அடைத்துவிட்டு, கீதாரிகளை எங்கே போகச் சொல்வீர்கள்? அங்கே மரத்தைக் கலக்க விட்டு, கொழுக்கட்டைப் புல்லை விதைக்க வேண்டும். புல்லும் செடிதான் அய்யா, அதை எந்த எஸ்டிமேட்டிலும் நான் பார்த்ததில்லை.

இனி விதைக்கு வருவோம். வேப்பம்பழமும் நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடியில் உதிரும். வேப்பங்கொட்டையை ரெண்டு மூணு வாரம் வைத்திருந்தாலே முளைப்பு சரசரவென்று இறங்கும். நாவல் கொட்டையைக் காயவிட்டால் செத்துப்போச்சு. இலுப்பையும் அப்படித்தான், பொறுக்கின கையோடு பையில் ஊன்ற வேண்டும். ஆவணி, புரட்டாசியில் டெண்டர் திறந்து, "நாட்டுக் கன்று சப்ளை செய்" என்றால் எந்தக் கொம்பனாலும் முடியாது! இந்த ஆடியில் ஊன்றினது அடுத்த வருஷத்து ஐப்பசிக்குத்தான் முழங்கால் உயரத்தில் நடத் தயாராகும்.

கருவேலம், வன்னி, வெள்வேல் வகைக்கு வேறு பக்குவம். கொட்டையின் தோல் கெட்டி. வெந்நீரில் போட்டு ஆறவிட்டு ஊறவைத்தால்தான் முளைக்கும். அதைவிட லேசான வழி ஆட்டுக்காரருக்குத் தெரியும். கருவேலங்காயைத் தின்ற வெள்ளாடு ராத்திரி அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். காலையில் பட்டியைக் கூட்டினால் விதை. ஒன்று மட்டும் கவனம்: அதே பட்டியில் சீமைக் கருவேல விதையும் கிடக்கும், பிரிக்கத் தெரிந்த கை வேண்டும். தெரியாதவர்கள் நெற்றைப் பார்த்து மரத்திலேயே பறிப்பது நல்லது. நாட்டுக் கருவேல நெற்று மணிமாலை மாதிரி கொட்டைக்குக் கொட்டை இடுங்கி, சாம்பல் பூத்து இருக்கும். சீமையின் நெற்று மஞ்சளாக நீட்டமாகத் தொங்கும்.

பனைக்குப் பையும் வேண்டாம், நர்சரியும் வேண்டாம். அது முளைவிடும்போதே மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடும், பிடுங்கி நட்டால் பிழைப்பது அபூர்வம். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டையைக் குழியில் போட்டு மூடினால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுப்போம் என்றார்கள், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றார்கள். மாநில மரத்துக்கு நல்ல காரியம், பாராட்டுகிறோம். அதேபோல மற்ற மரத்துக்கும் விதை எடுக்க என்ன ஏற்பாடு?

ஒரே மரத்தடியில் மூட்டை மூட்டையாகக் கொட்டையை அள்ளிவருவதும் ஆபத்து. எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒரு நோய் வந்தால் மொத்தமாகப் போகும். இருபது முப்பது மரத்திலாவது, தள்ளித் தள்ளி நிற்கிற மரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். நம்ம வறட்சியைப் பல தலைமுறை பார்த்த மரத்தின் விதைக்கும், தண்ணீர்ச் சீமையிலிருந்து வந்த விதைக்கும் வித்தியாசம் உண்டு. நெல் விதைக்கு இதை ஒத்துக்கொள்கிற அதிகாரிகள், வேம்புக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள்?

முடியுமா என்று கேட்பவர்கள் விழுப்புரம், புதுச்சேரி எல்லையில் உள்ள ஆரோவில்லைப் போய்ப் பாருங்கள். 1968ல் அது மண் அரித்த செம்பொட்டல். முதலில் சீக்கிரம் வளர்கிற வெளிநாட்டு மரத்தைத்தான் அவர்களும் நட்டார்கள். பிறகு கோயில் காடுகளைத் தேடிப்போய் விதை எடுத்து, அந்தக் கடற்கரைச் சீமைக்கே உரிய பசுங்காட்டை எழுப்பினார்கள். அவர்களுக்குப் பணமும் ஆளும் இருந்தது என்பீர்கள். நமக்குக் கோயில் காடும் ஆட்டுப்பட்டியும் கைவசம் இருக்கிறதே!

அரசின் பக்கம் கொள்கைக்குப் பஞ்சமில்லை. அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்றே 2022ல் தனிக் கொள்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, 23.7 சதவீத வனம், மரப் பரப்பை 33 ஆக்குவோம் என்றார்கள். ஊரெல்லாம் பார்டர் கட்டின கோனோகார்ப்பஸை 2025ல் தடை செய்தார்கள், நல்லது. ஆனால் 33 சதவீதத்தை எட்டும் அவசரத்தில் எண்ணிக்கைக்கு லாரியில் கன்று இறக்கினால், நாளைக்கு இன்னொரு மரத்துக்கு இன்னொரு தடை உத்தரவு போடத்தான் நேரம் சரியாக இருக்கும்.

ஆகவே நாம் கேட்பது கன்று இல்லை, வேலை. ஒவ்வொரு ஊராட்சியிலும் நாட்டுமர நாற்றங்காலை மகளிர் குழுவிடம் கொடு. நடுவதற்கு ஒரு வருஷம் முன்பே ஆர்டரும் முன்பணமும் கொடு. எந்த ஊர், எந்த மரத்து விதை என்று ஒவ்வொரு பாத்திக்கும் எழுதிவை. வனத்துறை ஆள் வந்து சொல்லிக்கொடுக்கட்டும், டெண்டர்காரர் வரவேண்டாம். பையிலேயே கிடந்து வேர் சுருண்ட கிழட்டுக் கன்றை வாங்காதே. நடவை ஐப்பசிக்கு மாற்று. பணத்தை நட்ட கணக்குக்குக் கொடுக்காமல், மூணாவது வருஷம் உயிரோடு நிற்கிற கணக்குக்குக் கொடு. தண்ணீர் ஊற்றவும் முள்வேலி கட்டவும் அதுவரை கூலி கொடு. புறம்போக்கில் எது மரத்துக்கு, எது மேய்ச்சலுக்கு என்று கிராமசபை முடிவு செய்யட்டும்.

மே 1 கிராமசபையில் இந்தத் தீர்மானத்தை ஒவ்வொரு ஊரிலும் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்குங்கள். அப்போது ஆரம்பித்தால்தான் ஆனி, ஆடி விதை கைக்கு வரும். ஆனி மாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நம்ம சங்கம் மொத்தமாகப் போகிறது. கொடியோடு வாருங்கள். ஆளுக்கு ஒரு மஞ்சப்பையில் உங்க ஊர் மரத்து விதையையும், எந்த மரம், எந்த இடம் என்று எழுதின சீட்டையும் கொண்டுவாருங்கள். வேப்பங்கொட்டை கொண்டுவருபவர்கள் முந்தின நாள் பொறுக்கினதாகப் பார்த்துக் கொண்டுவரவும்.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்