விழுவார்... ஆனால் விழமாட்டார்!

நம் பால்வீதியின் நடுவே, சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில், ஒரு கருந்துளை. எடை? 40 லட்சம் சூரியன்கள்! ஒரு பேச்சுக்கு, உங்கள் மானேஜரை அதற்குள் இறக்கிவிட்டு (கற்பனைதானே சார், ஆசை தீர தள்ளுங்கள்), பத்திரமான தூரத்தில் நின்று பாருங்கள்.

விளிம்பை நெருங்க நெருங்க அவர் வாட்ச் மெதுவாகும். கையை ஆட்டுவது ஸ்லோமோஷன். விளிம்புக்கு அந்தப் பக்கம் போவதை மட்டும் நீங்கள் பார்க்கவே முடியாது, ரிடையராகும் வரை காத்திருந்தாலும்! அங்கிருந்து கிளம்பும் ஒளி, ஈர்ப்பை மீறி வெளியே வர ஒவ்வொரு தடவையும் இன்னும் லேட்.

அதற்காக சிலை மாதிரி நிற்பார் என்று நினைக்காதீர்கள். அவரிடமிருந்து வரும் ஒளி சிவந்து, இன்ஃப்ராரெட்டாகி, ரேடியோ அலையாகி, உங்கள் லஞ்ச் டைம் முடிவதற்குள் ஆள் சுத்தமாக மங்கிவிடுவார்.

மானேஜரைக் கேட்டால்? அவர் வாட்ச் கரெக்டாகத்தான் ஓடுகிறது. விளிம்பைத் தாண்டியதே தெரியாது. அப்புறம் மிஞ்சிப்போனால் சுமார் ஒரு நிமிஷம், கதை முடிந்தது.

யார் சொல்வது சரி? இரண்டுமே! 1939-லேயே ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், சுருங்கும் நட்சத்திரத்துக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். சோவியத் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயரே 'உறைந்த நட்சத்திரம்'.

இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் இன்கம்டாக்ஸ்காரர்கள் விடமாட்டார்கள். பிரபஞ்சம் தைரியமாக வைத்திருக்கிறது. இரண்டும் பைசா பிசகாமல் டாலி ஆகிறது!