கொடுப்பவள் யார், பெறுபவன் யார்?

உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பாகிய ‘நோட்டோ’ 2025 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரையை, ஸ்திரீகளுக்கு இத்தனை காலம் இழைக்கப்பட்ட அநீதிக்குப் பரிகாரம் கிடைத்துவிட்டதென்று பலரும் வரவேற்றிருக்கிறார்கள். நோக்கத்தில் தோஷமில்லை. ஆனால் புண் ஓரிடத்தில் இருக்க மருந்தை வேறோரிடத்தில் தடவும் இந்தக் காரியத்தை, கல்லீரல் மாற்று சிகிச்சையைப் பொறுத்தவரையிலாவது, பாராட்ட என் மனம் ஒப்பவில்லை.

முன்னுரிமை என்பது, இறந்தவரின் உறுப்பைப் பங்கிடும் வரிசைக்கு மட்டுமே பொருந்துவது. 2022-இல் நம் தேசத்தில் நடந்த 3,718 கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் மூளைச்சாவு அடைந்தோரின் ஈரலைக் கொண்டு நடந்தவை 761. எஞ்சிய 2,957-ம், ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவரின் வயிற்றைத் திறந்து எடுத்த ஈரலைக் கொண்டு நடந்தவை. ஐந்தில் நான்கு பங்கு சிகிச்சைக்கு வரிசை என்பதே கிடையாது. அங்கே குடும்பம் கூடுகிறது, யார் கொடுப்பது என்ற பேச்சு எழுகிறது, அண்ணனுக்கு வியாபாரமும் தம்பிக்குக் கைக்குழந்தையும் நினைவுக்கு வந்து, கடைசியில் எல்லாருடைய பார்வையும் ஒரு பெண்ணின் மீது வந்து நிற்கிறது.

இது மிகையான பேச்சன்று. 2023-இல், எல்லா உறுப்புகளையும் சேர்த்து, உயிரோடிருந்து தானம் செய்த 15,436 பேரில் 9,784 பேர் பெண்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று. பெற்றுக்கொண்டோர் கணக்கோ நேர்மாறு: 1995 முதல் 2021 வரையில் நடந்த 36,640 மாற்று சிகிச்சைகளில் 29,695 ஆண்களுக்கு, 6,945 பெண்களுக்கு. இவ்விரண்டையும் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதியதுண்டு. எவரும் நின்று யோசிக்காத மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதே 2023-இல் இறந்தபின் உறுப்பளித்தோர் 1,099 பேர். அவர்களில் ஆண்கள் 844, பெண்கள் 255. உயிரோடிருக்கையில் கேட்டால் பெண் கொடுக்கிறாள். இறந்தபின் கேட்டால் பெரும்பாலும் ஆணின் உறுப்பு கிடைக்கிறது, ஏனெனில் தலையில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்கிறவர்களில் ஆண்களே அதிகம். ஆகவே உயிருள்ளோரிடமிருந்து இறந்தோரிடத்துக்கு இந்த சிகிச்சையைத் திருப்பினால், எந்த முன்னுரிமையும் அறிவிக்காமலே, பெண்ணின் சரீரத்தின் மீது விழுந்திருக்கும் பாரம் தானே இறங்கிவிடும். நோட்டோவின் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும் இந்த எண்களிலிருந்து அது இந்த முடிவுக்கு வராமற்போனது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

உயிருள்ளோரின் ஈரலைப் பகுத்தெடுக்கும் முறை உண்டானதே குழந்தைகளுக்காக. 1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலாகக் கல்லீரல் மாற்றம் செய்து பார்த்ததும் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்குத்தான், அது பிழைக்கவில்லை. சிசுவுக்கு ஏற்ற சிறிய ஈரல் இறந்தோரிடமிருந்து கிடைப்பது அரிதாகையால், 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஒரு தாயின் ஈரலில் ஒரு துண்டை அவள் மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். நம் நாட்டில் 1998-இல் டில்லியில் இவ்வகை சிகிச்சை பலித்ததும் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத்தான். ஈரல் தந்தவர் தகப்பனார்.

பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் சிசுவின் கதையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். பிறந்த சில வாரங்களில் மலம் சுண்ணாம்பாக வெளுக்கிறது. துணி மாற்றும் தாய்தான் அதை முதலில் காண்கிறாள். ‘பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், காலை வெயிலில் காட்டு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, ஜப்பானிய வைத்தியர் கசாய் வகுத்த அறுவை நன்கு பலன் தரக்கூடிய அறுபது நாட்கள் கழிந்துபோகின்றன. பிறகு மாற்று ஈரலை விட்டால் வழியில்லை. அந்தத் தாய் தன் ஈரலின் இடப்புறத்தில் ஏறக்குறைய கால் பங்கையோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கிறாள். அதில் குறை சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்லை.

ஆனால் குழந்தைக்கென்று பிறந்த விதிவிலக்கு, இந்நாட்டில் வயது வந்தோருக்குப் பொதுவிதியாகிவிட்டது. ஒரு புருஷனுக்குப் போதுமான ஈரல் வேண்டுமானால் வலப்புற மடலை, அதாவது முழு ஈரலில் சுமார் அறுபது சதவீதத்தை, எடுக்கவேண்டும். ஈரல் மீண்டும் வளரும் என்பது மெய். இருநூறு முதல் ஐந்நூறு கொடையாளர்களில் ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்திய உலகம் கணக்கிட்டிருப்பதும் மெய். திருமணச் சான்றிதழும் குடும்பப் புகைப்படமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கோத்த கோப்புடன் மனைவி, தானத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளின் முன் உட்காருகிறாள். ‘உங்கள் இஷ்டப்படிதானா?’ என்று கேட்கிறார்கள். வெளியே பெஞ்சியில் மாமியாரும் நாத்தனாரும் காத்திருக்கையில் அவள் வேறென்ன சொல்வாள்? கொடையாளர் பெண்ணாயின் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயசம்மதத்தை நோயாளியல்லாத வேறொருவர் உறுதிப்படுத்தவேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகளே சொல்கின்றன. சட்டத்துக்கே அந்த ‘ஆமாம்’ மீது சந்தேகம் இருந்திருக்கிறது!

குடியினால் ஈரல் கெடுவது ஆண்களுக்கே அதிகம், ஆகையால் பெறுவோரும் ஆண்களே என்கிறார்கள் சிலர். அது பெறுவோர் கணக்கில் ஒரு பகுதியை விளக்கலாம். கொடுப்போர் கணக்கை எள்ளளவும் விளக்காது. சம்பாதிக்கிறவன் படுத்துவிட்டால் குடும்பம் என்னாகும் என்பவர்களுக்குப் பதில் சொல்வது வீண். வீட்டு வேலையை வேலையென்று எண்ணாதவர்கள் அவர்கள். உயிருள்ளோரின் ஈரலானால் நாள் குறித்து சிகிச்சை செய்யலாம் என்னும் தனியார் மருத்துவமனைகள் தங்கள் சௌகரியத்தைப் பேசுகின்றன, அவ்வளவே.

ஸ்பெயினைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்லி வருவது, இறந்தோரின் தானத்தைப் பெருக்கும் வழிக்காகத்தான். 1989-இல் அங்கே தேசிய அமைப்பு ஒன்று ஏற்பட்டபோது பத்து லட்சம் ஜனங்களுக்கு, இறந்தபின் உறுப்பளித்தோர் பதினான்கு பேர். பத்தே ஆண்டுகளில் அது முப்பதைத் தாண்டியது. இன்று ஐம்பதையும் தாண்டிவிட்டது. நாமோ ஒன்றைக்கூட எட்டவில்லை. ஸ்பானியர் இதை முன்னுரிமைப் பட்டியல் எழுதிச் சாதிக்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு டாக்டரையே ஒருங்கிணைப்பாளராக்கி, எந்த மூளைச்சாவும் கணக்கில் வராமற்போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், 2008-இல் இறந்தோரின் உறுப்புதானத் திட்டம் தொடங்கி, 2023-இல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையும் அறிவித்து, 2024-இல் 268 பேரின் தானத்தைப் பெற்ற தமிழ்நாட்டைப் பாருங்கள்.

2022-இல் நம் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டு இறந்தபின் உறுப்பளித்தோர் ஆயிரத்துக்கும் குறைவு. மாண்டவர்களில் நூற்றுக்கு ஒருவரின் உறுப்பு கிடைத்திருந்தாலும் 1,685 ஈரல்கள். அவற்றில் நல்லவற்றைப் பகுத்தால் ஒன்றால் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் பிழைப்பார்கள், அந்தக் குழந்தையின் தாயும் கத்திக்குத் தப்புவாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரிடம் தானம் கேட்டே ஆகவேண்டும் என்று 2011-இலேயே உறுப்பு மாற்றுச் சட்டம் திருத்தப்பட்டும் கேட்பார் இல்லை. ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து, நான்கு டாக்டர்கள் கையெழுத்திட்டு மூளைச்சாவை அறிவிப்பதை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் கட்டாயமாக்குங்கள். அறிவிக்காத கல்லூரியின் அங்கீகாரத்தை ரத்து செய்யுங்கள். அதைச் செய்தால் பத்தாண்டுகளில் இந்நாட்டில் எந்த மனைவியும் புருஷனுக்காக மேஜையில் படுக்க நேராது. அதுவரையில் அந்த அறிவுரையை நோட்டோ திரும்பப் பெற்றுக்கொள்வதே நியாயம்.