விலைவாசிக்கு அஞ்சிக் கடல் கடந்தோர்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலே உள்ளது. 2022 மார்ச் 22 இல் குழந்தைகள் உட்பட 16 பேர் அதனைக் கடந்து தமிழகத்தை அடைந்தனர். மேலும் பலர் அவர்களைப் பின்தொடர்ந்தனர். இம்முறை எமது மக்களை விரட்டியது யுத்தமன்று, விலைவாசியே.

பள்ளிமுனை போன்ற மீனவக் கிராமங்கள் இதனை நன்கறியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. தொழிலுக்குச் சென்றால் நட்டம், செல்லாவிட்டால் பட்டினி என்பதே அன்றைய நிலை.

ஆனால் அக்கரையில் அரிசி மலிவு என்பதுடன் கணக்கு முடிந்துவிடாது. படகுக் கூலிக்கே கைப்பொருள் கரைந்துவிடும். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இந்தியா கைச்சாத்திடவில்லை. பதிவுபெற்ற இலங்கைத் தமிழருக்கு 2025 இல் இந்திய அரசு வழங்கிய தண்டனை விலக்கும் 2015 ஜனவரி 9 வரை சென்றோருக்கே உரியது. 2022 இல் சென்றோர் அதில் அடங்கார். ஆவணமற்றவர் குறைந்த கூலியை மறுக்கவோ, கூடிய வாடகையை எதிர்க்கவோ துணியார்.

1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த மன்னார் முஸ்லிம்களுக்கும் இக்கணக்குப் புதிதன்று. புதிய இடத்தில் வீடும் தொழிலும் தேடுவோர், விட்டுவந்த காணியையும் நினைத்து வருந்த வேண்டியிருந்தது.

திரும்பும் வழியும் எளிதன்று. 2025 இல் தமிழகத்திலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், முன்னர் முறையற்ற வழியில் வெளியேறியதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். பசிக்காகவும் உயிருக்காகவும் வெளியேறியவர்களைக் குற்றவாளிகளாக நடத்தும் இந்நிலை மாற வேண்டும். சென்றோருக்கு அச்சமின்றித் திரும்பும் வழியையும், இருப்போருக்குக் கட்டுப்படியாகும் எரிபொருளையும் அரசு உறுதிசெய்தல் அவசியம். கடற்படை ரோந்து மட்டும் பசியைத் தடுத்து நிறுத்தாது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.