நஞ்சு விற்று நாடாளுவோர்

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயங் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள், பெண்டிரும் அவருள் இருந்தனர். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பிணங்கள் கிடத்தப்பெற்றிருந்த கொடுங்காட்சியை நாடே கண்டு நடுங்கிற்று. ஆட்சியாளர் மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்திலக்கம் உருபா அறிவித்தனர். அலுவலர் சிலரைப் பணியிடை நீக்கினர். தடைச்சட்டத்தில் ஒறுப்பைக் கடுமையாக்கினர். தங்கள் கடைகளை மட்டும் தொடவில்லை!

கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும், உயிர்கள் போகும் என்பது, எக்கட்சி அரசு கட்டிலேறினும் பாடும் ஒரே பாட்டு. கருணாபுரத்தார் மாண்ட அன்று கடைகள் மூடியா கிடந்தன? அதற்கு முந்தைய ஆண்டு மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் மாண்டபோதும் அவை திறந்தே இருந்தன. கடையில் குடிக்கப் பழகியவன் கையில் காசு குறையும் நாளில், மலிந்த நஞ்சைத் தேடி ஓடுகிறான். மெத்தனால் என்னும் மரச்சாராயத்தை நிறத்தாலும் மணத்தாலும் அவனால் பிரித்தறிய இயலாது. ஈரல் அதனைச் சிதைக்கச் சிதைக்க, ஈற்றில் எறும்பின் உடலில் ஊறும் அதே காடியாக அது மாறுகிறது. அக் காடி கண்ணரம்பைக் கருக்கிப் பார்வையைப் பறிக்கும். குருதியைப் புளிக்கச் செய்து உயிரையும் குடிக்கும்.

இந்நாடு குடியை எதிர்த்து நிற்கத் தெரியாத நாடன்று. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் மறியல் செய்தனர். 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுதும் பரவிற்று. 1971-இல் அதனைத் தளர்த்தினர். 1974-இல் மீண்டும் அடைத்தனர். 1981-இல் மறுபடி திறந்தனர். 1983-இல் டாசுமாக்கு என்னும் வாணிகக் கழகம் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. பட்டம் பெற்ற தமிழிளைஞனுக்கு அங்கே மேற்பார்வையாளர் வேலை! அவனைப் படிக்கவைத்த தாய் எத்துணை மகிழ்ந்திருப்பாள்!

குடி கெடுக்கும் என்று குப்பியில் எழுதி, அக் குப்பியைத் தன் கையாலேயே நீட்டும் அரசு, பள்ளிப் பிள்ளைகளைக் கை நீட்டச்சொல்லி மயக்கப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி வாங்குகிறது. கஞ்சா விற்பவனைச் சிறையில் தள்ளுகிறது. தள்ளட்டும், அவன் கொடியவனே. ஆயின் அப் பிள்ளை வீடு திரும்புகையில், தந்தை விழுந்து கிடப்பது எவர் விற்ற சரக்கால்? குடியை ஒழிக்க முயலவேண்டும் என அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு அரசுக்கே கடமை விதித்திருக்கிறது. அக் கடமை ஏட்டில் உறங்குகிறது, கல்லாப்பெட்டி விழித்திருக்கிறது.

2003-04-இல் நாலாயிரங் கோடி உருபாவை எட்டாதிருந்த குடிவருவாய், 2023-24-இல் நாற்பத்தையாயிரங் கோடியைத் தாண்டிற்று. 2015-இல், உண்ணாமலைக்கடையில் ஒரேயொரு கடையை அகற்றக் கோரிக் கோபுரத்தின்மேல் ஏறிநின்ற காந்தியர் சசிபெருமாள் அப் போராட்டத்திலேயே உயிர் நீத்தார். 2023 சூனில் ஐந்நூறு கடைகளை மூடிவிட்டதாக ஆட்சியாளர் மார்தட்டினர். அவ்வாண்டு வருவாய் குறையவில்லை. முந்தைய ஆண்டினும் ஆயிரங் கோடிக்கு மேல் ஏறிற்று.