யுகுலேலேவுக்குச் சான்றிதழ் எதற்கு?

எங்கள் தெருக்கோடி வீட்டு மாடியில், பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இளம் ஆசிரியை யுகுலேலே சொல்லிக்கொடுக்கிறார். செவ்வாயும் வியாழனும் மாலை 5 மணிக்கு, ஒரு மணி நேரம். ஆறு வயது முதல் ஒன்பது வயதுவரை 14 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இப்போது எட்டுப் பேர்தான். நிறுத்திய பெற்றோர் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "கிரேடு பரீட்சை இல்லையாம், சான்றிதழும் கிடையாதாம். அந்த நேரத்துக்குக் கணக்கு டியூஷனாவது போகலாமே." இன்னும் இரண்டு பேர் நின்றால் மாடி வாடகை கட்டாது, வகுப்பை மூடவேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், பரீட்சை இல்லாததுதான் அந்த வகுப்பின் நல்ல குணம்.

யுகுலேலே பார்ப்பதற்குக் கிட்டார் குட்டி போட்டதுபோல இருக்கும். நான்கே நரம்பு, சின்ன ரகம் 21 அங்குல நீளம். ஹவாய் வாத்தியம் என்கிறோம். ஆனால் அதன் பூர்விகம் போர்த்துகீசியரின் மதெய்ரா தீவு. 1879இல் அங்கிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹொனலுலு போனவர்களோடு ஒரு சிறு நரம்பு வாத்தியமும் போனது. அதிலிருந்து பிறந்தது இது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி ரெயூனியனுக்குக் கரும்பு வெட்டப் போன நம்மவர்களை நினைத்துக்கொண்டால் இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது.

சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. நைலான் நரம்பு என்பதால், கம்பி நரம்பைப்போல விரலை அறுக்காது. வீணையில் உள்ளதுபோல இதிலும் மெட்டுகள் உண்டு. எதையும் அழுத்தாமல் நான்கு நரம்பையும் வருடினாலே காதுக்கு இதமாக இருக்கும். கீழ் நரம்பை மூன்றாம் மெட்டில் ஒரு விரலால் அழுத்தினால் முதல் 'கார்ட்' வந்துவிடும். பிரெஞ்சில் 'அக்கோர்' என்போமே, அதுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே 'ஃப்ரேர் ழாக்' முழுவதும் பாடிவிடலாம். வாய் சும்மா இருப்பதால் வாசித்துக்கொண்டே பாடலாம். புல்லாங்குழலில் அது நடக்காது.

சிரமமும் இருக்கிறது. புது நைலான் நரம்பு இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும். எட்டு வாத்தியத்துக்கும் சுருதி கூட்டவே ஆசிரியைக்குக் கால் மணி போய்விடுகிறது. மூன்று விரல் வைக்கவேண்டிய கார்ட் வந்தால் ஏழு வயதுப் பிள்ளை திணறும். அந்தச் சமயத்தில் தேவை பொறுமை. பரீட்சைத் தேதி தலைக்குமேல் நின்றால் பொறுமை எங்கிருந்து வரும்?

பரீட்சை இல்லையென்றால் வெறும் விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பள்ளிகளில் 1960களின் இறுதியிலிருந்து சால்மர்ஸ் டோன் என்ற இசையாசிரியர் யுகுலேலேவை வைத்தே பாடவும், காதால் சுரம் பிரிக்கவும், குறியீடு படிக்கவும் பிள்ளைகளைப் பழக்கினார். கனடாவின் மற்றப் பகுதிகளுக்கும் அது பரவியது. வாத்தியம் சிறிதானால் படிப்பும் சிறிதாகிவிடாது.

"வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பஜனை மடத்தில் நாம் கேட்டு வளர்ந்த ஹார்மோனியத்துக்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியவர் தெபேன் என்ற பிரெஞ்சுக்காரர். வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். யுகுலேலேவில் பழகிய காது நாளைக்கு வீணைக்குப் போனாலும் நல்லதுதானே!

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'சொல்ஃபேழ்' வகுப்பு நினைவிருக்கும். தோ, ரே, மி என்று கரும்பலகையைப் பார்த்து ஒப்பித்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். கையில் வாத்தியம் என்று ஒன்றும் கொடுக்கவில்லை. பள்ளியைவிட்டு வந்தபின் எங்களில் எத்தனை பேர் பாடினோம்?

பேரப்பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது பெரும்பாலும் நாம்தான். ஆகவே நம் வார்த்தைக்கு வீட்டில் கொஞ்சம் மதிப்பு உண்டு. மகனிடமோ மருமகளிடமோ எடுத்துச் சொல்லுங்கள்: ஒரு வாரத்தில் இரண்டு மணி நேரம் யாரும் மதிப்பெண் போடாமல் இருந்தால் பிள்ளை ஒன்றும் கெட்டுப்போகாது. வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்கு என்ன பாட்டு? வாசித்துக் காட்டு" என்று கேட்டு உட்காருங்கள். சுருதி தப்பினாலும் கடைசிவரை கேளுங்கள்.