9 மில்லிமீட்டரா, .38-ஆ?

சென்ற தைப்பொங்கலுக்கு நமுனுகுல போயிருந்தேன். 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த மலையின் அடிவாரத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். பத்திரிகைத் தொழில் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டாலும், ஆண்டுக்கொரு முறையாவது அந்தக் குளிர்காற்றைச் சுவாசிக்காவிட்டால் மனம் ஒப்புவதில்லை.

பொங்கலன்று மாலை, பசறையில் மொத்த வியாபாரம் செய்யும் என் மருமகன் ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வந்து அமர்ந்தான். இரண்டு மாதங்களுக்கு முன் இரவு கடையடைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் இருவர் மறித்து, கழுத்தில் கத்தியை வைத்து, அன்றைய வியாபாரப் பணத்தைப் பறித்துச் சென்றிருந்தார்கள். உயிர் தப்பியது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை.

"மாமா, பிஸ்டலுக்கு லைசன்ஸ் போடப்போறேன். 9 மில்லிமீட்டர் நல்லதா, .38 நல்லதா? நீங்கள்தான் யுத்த காலத்தில் இதையெல்லாம் எழுதினவராச்சே" என்றான்.

கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. கழுத்தில் கத்தியின் குளிர்ச்சியை உணர்ந்தவனுக்கு அறிவுரை சொல்வது எளிது, ஆனால் அது நியாயமாகாது. எனவே முதலில் கேட்டதற்கே பதில் சொன்னேன்.

கலிபர் என்பது துப்பாக்கிக் குழலின், அதாவது அதில் செல்லும் சன்னத்தின், குறுக்களவைக் குறிப்பது. பெயரளவில் 9 மில்லிமீட்டரும் .38-உம் வெவ்வேறாகத் தோன்றினாலும், முன்னதன் சன்னம் .355 அங்குலம், பின்னதன் சன்னம் .357 அங்குலம். வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு! உண்மையான வேறுபாடு வேகத்திலும் ஆயுதத்தின் அமைப்பிலும்தான் இருக்கிறது. 1902-இல் ஜெர்மனியில் உருவான 9 மில்லிமீட்டர் தோட்டா அதிக அழுத்தமும் வேகமும் கொண்டது. பெரும்பாலும் பெட்டியில் தோட்டாக்களை அடுக்கும் பிஸ்டலில் பயன்படுவது. .38 ஸ்பெஷல் அதைவிட மெதுவானது. சுழலும் உருளை கொண்ட ரிவோல்வருக்கானது. தோட்டா குறைவு, சிக்கலும் குறைவு.

இந்த வாதம் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. 1904-இல் அமெரிக்க இராணுவம் சிக்காகோ இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகளையும், மனிதச் சடலங்களையும் சுட்டுப் பார்த்து, .45-க்குக் குறைந்தது பயனில்லை என்று தீர்மானித்தது. 1986-இல் மியாமியில் இரண்டு எப்.பி.ஐ. அதிகாரிகள் கொல்லப்பட்ட மோதலில், கொள்ளையனின் உடலில் பாய்ந்த ஒரு 9 மில்லிமீட்டர் சன்னம் இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பின் எப்.பி.ஐ. பெரிய கலிபர்களுக்கு மாறியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. நவீன சன்னங்களிடையே வேறுபாடு சொற்பம். உதைப்புக் குறைந்த துப்பாக்கியால்தான் பெரும்பாலோர் குறி தவறாமல் சுடுகிறார்கள். இதுவே அவர்கள் சொன்ன காரணம்.

ஆக, ஆயுதத்தைத் தொழிலாகக் கொண்டவர்களே இத்தனை காலம் சுற்றிவந்து கண்டடைந்த முடிவு, எந்தக் கலிபர் என்பதைவிடச் சன்னம் எங்கே படுகிறது என்பதே முக்கியம் என்பதுதான். அது எங்கே படும் என்பதைத் தீர்மானிப்பது நடுங்கும் கை. ஆண்டு முழுதும் பயிற்சி செய்யாத வியாபாரியின் கை இருட்டில் எப்படி இருக்கும்?

"அப்படியென்றால் 9 மில்லிமீட்டரே நல்லது?" என்றான் மருமகன். "ஆம்" என்றேன். "ஆனால் அது உன் கேள்விக்குப் பதில், உன் பிரச்சினைக்கு அல்ல."

என் தொழிலில் நான் இழந்த சகாக்களை நினைத்துக்கொண்டேன். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலிருந்தபோது சுடப்பட்டார். 2004 மே 31 காலை மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் வேலைக்குச் செல்லும் வழியில் சுடப்பட்டார். 2009 ஜனவரி 8 காலை லசந்த விக்ரமதுங்க தம் காரில் போகும்போது தாக்கிக் கொல்லப்பட்டார். மூவர் விடயத்திலும் நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தவன் கொலைஞன். அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு நலன்விரும்பி, "ஒரு பிஸ்டல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பல இரவுகள் யோசித்தேன். இடுப்பில் எதைச் செருகியிருந்தாலும் முதல் வெடி அவனுடையதாகவே இருக்கும் என்று தோன்றியது. மறுத்துவிட்டேன். அது துணிவினாலல்ல, கணக்கினால்.

2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள், ஆயுதம் தாங்கிய பாதுகாப்புடன் கொண்டுவரப்பட்டிருந்த கணேமுல்ல சஞ்சீவவை, சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் சுட்டுக் கொன்றதை நாடே பார்த்தது. ரிவோல்வர், துளையிடப்பட்ட சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. சுற்றிலும் நின்ற துப்பாக்கிகள் அந்தக் கணத்தில் பயன்படவில்லை.

இன்னொன்றையும் மருமகனுக்கு நினைவூட்டினேன். துவக்கு ஆபத்தை விரட்டுவது மட்டுமல்ல, அழைத்துவருவதும் உண்டு. 1971 கிளர்ச்சியின்போதும், 1987-89 காலத்திலும் ஜே.வி.பி.யினர் உரிமம் பெற்ற துவக்குகளைத் தேடி வீடுவீடாகப் போனார்கள். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காட்டுப்பன்றிக்காக 12 போர் துவக்கொன்று வைத்திருந்தார். 1989-இல் ஓரிரவு முகம் மூடியவர்கள் கதவைத் தட்டி, பெயர் சொல்லி அழைத்தார்கள். பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "துவக்கைக் கொண்டுவா" என்றார்கள். கொடுத்தார். அதன்பின் நெடுநாள், அந்தத் துவக்கு எங்கே போனது என்று விளக்கம் சொல்லியே அவர் காலம் கழிந்தது. துவக்கு அவரைக் காக்கவில்லை. அவர்தான் துவக்குக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் செய்த ஆய்வு 1986-இல் வெளியானது. வீட்டில் வைத்திருந்த துப்பாக்கியால் தற்காப்பில் நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் 43 பிற மரணங்கள் நிகழ்ந்ததாக அது கணக்கிட்டது. அவற்றில் மிகப்பெரும்பாலானவை தற்கொலைகள். அந்தக் கணக்கை மறுப்போரும் உளர். ஆனால் நம் நாட்டு அனுபவம் அதன் பக்கமே பேசுகிறது. 1995 அளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபின், இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. மனிதரின் துயரம் மறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய பொருள் அகன்றது. தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. மருமகனுக்குப் பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். தற்காப்புக் கைத்துப்பாக்கிக்கான உரிமம் பாதுகாப்பு அமைச்சின் கையில். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024-இன் இறுதியில், தற்காப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்கு ஒப்படைக்குமாறு அமைச்சே கேட்டது. தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடமளிப்பதில்லை. பணத்தோடு ஓடுபவனின் முதுகில் சுட்டால், நீதிமன்றத்தில் கூண்டில் நிற்பது வியாபாரிதான்.

எல்லோருக்கும் எக்காலத்திலும் துப்பாக்கி கூடாது என்று நான் சொல்லவில்லை. கொலை மிரட்டலுக்கு ஆளானவர்கள், பொலிஸ் எட்டாத தொலைவில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு, பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்துவது உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றமே 2022-இல் தீர்ப்பளித்தது. அவர்கள் வாங்கினால் பயிற்சியும் பூட்டும் பெட்டகமும் சேர்த்தே வாங்கட்டும். ஆனால் கலிபரைப் பற்றிய கேள்வி கடைசியாக வரவேண்டியது. எதற்கு அஞ்சுகிறோம், அந்த அச்சம் எந்த வழியில் வருகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பவை முன்னே வரவேண்டியவை.

மருமகனின் அச்சம் வந்த வழி எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில், தனியாக, பணப்பையோடு அவன் நடந்தான். அதை ஊரே அறிந்திருந்தது. பணத்தைப் பொழுது சாயுமுன் வங்கியில் கட்டு, பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து வீடு திரும்பு, நேரத்தை மாற்று என்றேன். இவற்றுக்கு உரிமம் வேண்டாம், கலிபரும் இல்லை.

அவன் படிவத்தைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதைப் பிடுங்கும் உரிமை எனக்கில்லை. கழுத்தில் கத்தி பட்டது அவனுக்கு. சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான். பணம் இப்போது நான்கு மணிக்கே வங்கிக்குப் போகிறதாம். பக்கத்துக் கடை முதலாளியுடன் சேர்ந்தே வீடு திரும்புகிறானாம். படிவத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"தூக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமா, மாமா" என்றான்.