உடை யாருக்கு, பெற்றோரே?

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறோம். தி.நகர் ரங்கநாதன் தெருவானாலும் நம் ஊர்க் கடைத்தெருவானாலும் நடப்பது ஒன்றுதான். கடைக்காரர் உடைகளை விரித்துப் போட்டு, "இப்ப இதுதாம்மா ஓடுது" என்கிறார். உடனே நம் கை அதன்மேல் போகிறது. கூட வந்த எட்டு வயதுக்காரி ஓரமாகக் கிடந்த பருத்திச் சட்டையைத் தடவிப் பார்த்து, "இது மெத்துன்னு இருக்கும்மா" என்கிறாள். "இதைப் போட்டுக்கிட்டுப் பாட்டி வீட்டுக்கு வந்தா நம்மள யாராவது மதிப்பாங்களா?" என்று அதை வாங்கி மடித்து வைத்துவிடுகிறோம். பில் போடும்வரை அவள் வாய் திறப்பதில்லை.

அந்த உடையைப் போடப்போவது அவளா, நம் கௌரவமா?

அடுத்தது கல்யாண மண்டபம். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை நால்வரும் மயில் பச்சை. தங்கைக்கு அந்த நிறம் அறவே பிடிக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்லும் ஜரிகையும் வைத்த லெஹங்காவின் உள்பக்கம் லைனிங் கிடையாது. கழுத்தோரத் தையல் உரசி உரசிச் சிவப்பாகத் தடித்திருக்கிறது. "அரிக்குதும்மா" என்று அவள் நெளிந்தால், "போட்டோ எடுத்ததும் மாத்திடலாம், கொஞ்சம் பொறு" என்கிறோம்.

ஸ்டேட்டஸில் போட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். தன் உடம்பு படும் பாட்டைவிட ஊரார் பார்வைதான் முக்கியம் என்று அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது எப்போது மறையும்?

பிள்ளை ஆசையாக மஞ்சள் நிறத்தைத் தொட்டதும், "உன் கலருக்கு அது எடுக்காது, வேற பாரு" என்று சொல்லாத வீடு எத்தனை? நாளைக்கு யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொல்கிறோம். ஆனால், ஊரார் சொல்லக்கூடும் என்று நாம் பயந்த சொல்லை முதலில் சொன்னது யார்?

இப்படி வளர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வருகிறான். ஒருநாள் பாக்ஸ் கட்டிங்கோடு வீட்டுக்குள் நுழைகிறான். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் வேண்டும் என்கிறான். பள்ளியிலிருந்து நமக்கு அழைப்பு வருகிறது. "ஊரே வெட்டிக்கிட்டா நீயும் வெட்டிக்கணுமா? உனக்குன்னு சொந்த புத்தி கிடையாதா?" என்று குதிக்கிறோம்.

இத்தனை வருடமும் "எல்லாரும் இதைத்தான் போடறாங்க" என்று சொல்லிச் சொல்லி உடுத்திவிட்டது நாம்தானே? உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்கப்படாத பிள்ளைக்குச் சொந்த ரசனை திடீரென்று எங்கிருந்து முளைக்கும்?

மோகம் நமக்குப் புதிதல்ல. 1985இல் ‘பூவே பூச்சூடவா’ படம் வந்த கையோடு அதில் நடித்த நதியாவின் பெயரில் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடை கடையாகத் தேடிய தலைமுறையும் இருந்தது. 2005இல் ‘சந்திரமுகி’ படத்தின் பெயரில் விற்ற புடவைக்கு ஆசைப்பட்டவர்களும் நமக்குள் இருக்கிறார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால், அந்த ஆசை நம்முடையதாக இருந்தது; வீட்டில் கெஞ்சி, அடம்பிடித்து வாங்கினோம். இன்றோ பிள்ளை ஆசைப்படுவதற்கு முன்பே நாமே ஆசைப்பட்டு முடித்துவிடுகிறோம். பிறகு அவர்களுக்கு என்ன மிச்சம்?

இந்தத் தீபாவளிக்கு ஒன்று செய்து பார்ப்போம். நம்மால் முடிந்த தொகையைச் சொல்லிவிட்டு, எடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுவோம். "போட்டுக்கிட்டுச் சம்மணம் போட்டு உட்கார முடியுதா? பொங்கலுக்கும் இதைப் போடுவியா?" இந்த இரண்டு கேள்விகள் போதும். ஓடுகிற மாடலையே எடுத்தாலும் எடுக்கட்டும். சலித்துப்போனால் அடுத்த முறை தானாக யோசிப்பார்கள். பண்டிகையன்று யாராவது, "என்னங்க, பிள்ளைக்கு இப்படி எடுத்திருக்கீங்க?" என்று கேட்கத்தான் போகிறார்கள். "அவளே பார்த்து எடுத்தது" என்று அவள் காதில் விழும்படி, முகம் சுருங்காமல் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று சொற்களைச் சொல்லக்கூடவா நமக்குத் தைரியம் இல்லை?